கறவை மாட்டுக்குக் கழிவுப்பாகு: வாங்குவது முதல் தொட்டியில் இடுவது வரை

சித்திரை, வைகாசி மாதங்களில் பசுந்தீவனம் தீர்ந்து, வைக்கோற்போரும் சோளத்தட்டும் மட்டுமே மிஞ்சும்போது, எந்த மாட்டுக் கொட்டகையிலும் ஒரே காட்சியைக் காணலாம். மாடு தட்டை முகர்ந்து பார்க்கும். தோகையை மட்டும் உருவித் தின்னும். தண்டை ஒதுக்கிவிட்டு, பிறகு அதையே காலால் மிதித்துச் சாணத்தோடு சேர்த்துவிடும். விலை கொடுத்து வாங்கிய தீவனத்தில் ஒரு நல்ல பங்கு இப்படிக் குப்பைக் குழிக்குப் போய்ச் சேருகிறது.

சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகு, அதாவது மாடு வளர்ப்போர் மொலாசஸ் என்றே சொல்லிப் பழகிய கருநிறப் பாகு, தன் விலைக்குரிய வேலையைச் செய்வது இந்த இடத்தில்தான். பாலைப் பெருக்கும் மருந்து என்று நம்பி அதை வாங்குகிறவர்கள் ஏமாற்றமடைகிறார்கள். மாடு ஒதுக்கும் உலர்தீவனத்தைத் தின்ன வைத்து, அதைச் செரிக்கவும் வைக்கும் துணைப்பொருள் என்று வாங்குகிறவர்களுக்கு அது பயன் தருகிறது. கீழே வரும் அளவுகளும் எச்சரிக்கைகளும் இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்தே எழுதப்பட்டுள்ளன.

பாகுக்குள் என்ன இருக்கிறது

கரும்புச் சாற்றைக் காய்ச்சி, சர்க்கரைப் படிகங்களைத் திரும்பத் திரும்பப் பிரித்தெடுத்த பின், இனி இலாபகரமாகப் படிகம் எடுக்க முடியாது என்ற நிலையில் ஆலை வெளியேற்றுவதே கடைநிலைக் கழிவுப்பாகு; ஆலையில் இதை 'சி' வகை என்பார்கள். ஒரு டன் கரும்பை அரைத்தால் ஏறத்தாழ 40 முதல் 45 கிலோ வரை இது கிடைக்கும். ஒரு படி முன்னதாகவே பிரித்தெடுக்கப்படும் 'பி ஹெவி' வகையில் சர்க்கரை கூடுதலாக இருக்கும். ஆனால் அது பெரும்பாலும் எத்தனால் தயாரிப்புக்குப் போய்விடுவதால், பண்ணைக்கு வந்து சேர்வது 'சி' வகைதான்.

அதில் ஏறத்தாழ கால்பங்கு நீர். எடையில் 45 முதல் 50 விழுக்காடு வரை சர்க்கரைகள். கொழுப்பும் நாரும் இல்லையென்றே சொல்லலாம். புரதம் என்று ஆய்வறிக்கையில் 3 முதல் 5 விழுக்காடு வரை காணப்பட்டாலும், அதில் பெரும்பகுதி உண்மையான புரதம் அன்று. நைட்ரஜன் உள்ள பிற பொருள்களே அப்படிக் கணக்கில் வருகின்றன. சுண்ணாம்புச் சத்து ஒரு விழுக்காட்டை ஒட்டி இருக்கும். பாஸ்பரஸ் மிகக் குறைவு. பொட்டாசியம் 3 விழுக்காட்டுக்கும் மேல். கந்தகமும் கவனிக்கத்தக்க அளவில் உண்டு. இந்தப் பொட்டாசியத்தையும் கந்தகத்தையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். எந்த மாட்டுக்கு இதைக் கொடுக்கக் கூடாது என்று பேசும்போது இவை இரண்டும் மீண்டும் வரும்.

ஆற்றலைக் கணக்கிட்டால், ஒரு கிலோ கழிவுப்பாகில் மொத்தச் செரிமானச் சத்து, அதாவது மாடு செரித்து ஆற்றலாக்கக்கூடிய பகுதி, சுமார் 540 கிராம். 4 விழுக்காடு கொழுப்புள்ள ஒரு லிட்டர் பாலைச் சுரக்க மாட்டுக்கு ஏறத்தாழ 330 கிராம் செரிமானச் சத்து வேண்டும். ஆகவே காகிதத்தில், ஒரு கிலோ பாகு ஒன்றரை லிட்டர் பாலாக வேண்டும். ஆனால் அதே ஒரு லிட்டர் பாலுக்குத் தீவனத்தில் ஏறத்தாழ 90 கிராம் புரதமும் தேவைப்படுகிறது. ஒரு கிலோ பாகு தருவதோ 40 கிராம் அளவுக்கு, அதுவும் பெயரளவுப் புரதம். புண்ணாக்கையோ வேறு நைட்ரஜன் மூலத்தையோ சேர்க்காமல் வைக்கோலின் மீது பாகை மட்டும் ஊற்றிவிட்டுப் பால் ஏறவில்லையே என்று அங்கலாய்ப்பதன் காரணம் இந்தக் கணக்கிலேயே இருக்கிறது.

வயிற்றில் நடப்பது

மாட்டின் முதல் இரைப்பையான பெருவயிற்றில் வாழும் நுண்ணுயிர்கள்தாம் நாரைச் செரிக்கின்றன. அவை பெருகுவதற்கு நைட்ரஜனும் உடனடி ஆற்றலும் ஒரே நேரத்தில் கிடைக்க வேண்டும். உலர்தீவனத்தில் 7 விழுக்காடு அளவுக்காவது புரதம் இல்லையென்றால் நுண்ணுயிர்கள் பட்டினி கிடக்கும். நெல் வைக்கோலில் இருப்பதோ 3 முதல் 4 விழுக்காடுதான். அதனால் வைக்கோல் வயிற்றில் நெடுநேரம் தங்குகிறது, வயிறு காலியாவதில்லை, மாடு மேலும் தின்பதுமில்லை.

இங்கே யூரியாவோ புண்ணாக்கோ நைட்ரஜனைத் தருகிறது. பாகு அதே நேரத்தில் கரையும் சர்க்கரையைத் தருகிறது. நுண்ணுயிர் பெருகுகிறது, நார் விரைவாகச் செரிக்கிறது, மாடு கூடுதலாகத் தின்கிறது. அந்த நுண்ணுயிர்களே பின்னர் குடலுக்குள் சென்று மாட்டுக்குப் புரதமாகின்றன. சர்க்கரை மட்டும் அளவுக்கு மீறி வந்தால் கதை வேறு. அது சில மணி நேரத்திலேயே புளித்து அமிலமாகி, நாரைச் செரிக்கும் நுண்ணுயிர்களை முதலில் முடக்கிவிடும். தின்ன வைப்பதற்காகக் கொடுத்த பொருளே தீனியைக் குறைத்துவிடும்.

பாகில் உள்ள சர்க்கரை இப்படிப் பெருவயிற்றிலேயே புளித்துக் கொழுப்பு அமிலங்களாக மாறிவிடுவதால், அது சர்க்கரையாக இரத்தத்தில் சேருவதில்லை. கன்று ஈன்ற பின் கீட்டோசிஸ் எனும் ஆற்றல் குறைவு நோய் கண்ட மாட்டுக்கு வெல்லமும் பாகும் கரைத்து ஊற்றிக்கொண்டே நாளைக் கடத்துகிற வழக்கத்தால் பயன் இல்லாததற்கு இதுவே காரணம். அந்த மாட்டுக்குத் தேவைப்படுவது கால்நடை மருத்துவர் நரம்பு வழியாகச் செலுத்தும் குளுக்கோஸும், அவர் குடிக்கக் கொடுக்கச் சொல்லும் புரோப்பிலீன் கிளைக்காலும்தான்.

முதல் படி: தேவையா என்று பார்த்தல்

தீவனத் தொட்டியில் மறுநாள் காலையில் மிஞ்சுவதை ஒரு வாரம் எடை போட்டுப் பாருங்கள். தட்டும் வைக்கோலும் கணிசமாக மிஞ்சினால் கழிவுப்பாகுக்கு வேலை இருக்கிறது. நாள்தோறும் 20, 25 கிலோ பசும்புல்லும், பால் அளவுக்கேற்ற அடர்தீவனமும் (தானியம், புண்ணாக்கு, தவிடு சேர்ந்த கலவை) கிடைத்து, தொட்டியில் ஒன்றும் மிஞ்சாத பண்ணையில், பாகு வெறும் ஆற்றல் மூலம் மட்டுமே. அங்கே அது மக்காச்சோளத்தோடு விலையில் போட்டியிட வேண்டும்.

அந்தப் போட்டியைக் கணக்கிடுவது எளிது. அரைத்த மக்காச்சோளத்தில் ஒரு கிலோவுக்கு 790 கிராம் அளவுக்குச் செரிமானச் சத்து. பாகில் 540 கிராம். ஆகவே பாகின் விலை மக்காச்சோள விலையில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் போனால், ஆற்றலுக்காக அதை வாங்குவது நட்டம். மக்காச்சோளத்தில் 9 விழுக்காடு அளவுக்குப் புரதமும் இருப்பதால், உண்மையான எல்லை இன்னும் சற்றுக் கீழே இருக்கும். வீணாகும் தட்டை மீட்பதற்காக வாங்கும்போது மட்டுமே இதைவிடக் கூடுதல் விலையை நியாயப்படுத்த முடியும். அப்போது, மீட்கப்பட்ட தட்டின் விலையையும் வரவில் எழுதிக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: வாங்குதல்

தமிழ்நாட்டில் சர்க்கரை ஆலைகள் நிறைய இருந்தும் கழிவுப்பாகு கடைச்சரக்காகக் கிடைப்பதில்லை. சாராயம் காய்ச்சப் பயன்படும் மூலப்பொருள் என்பதால், 1958-ஆம் ஆண்டின் கழிவுப்பாகுக் கட்டுப்பாடு மற்றும் ஒழுங்குமுறை விதிகளின் கீழ் அதன் இருப்பும் போக்குவரத்தும் மதுவிலக்கு, ஆயத்தீர்வைத் துறையின் கண்காணிப்பில் உள்ளன. உரிய அனுமதி இல்லாமல் பீப்பாய்க் கணக்கில் வாங்கி வண்டியில் ஏற்றி வருவது சிக்கலை விலைக்கு வாங்குவதற்குச் சமம். எத்தனால் தேவையும் சேர்ந்து சரக்கை இறுக்கிவிட்டது. தீவனத்துக்காக வியட்நாம், தென்கொரியா போன்ற நாடுகளுக்குக் கப்பலேறிக்கொண்டிருந்த இந்தியப் பாகின் மீது 2024 ஜனவரியில் நடுவண் அரசு 50 விழுக்காடு ஏற்றுமதி வரி விதித்தது. எத்தனாலுக்கான சரக்கை உள்நாட்டிலேயே நிறுத்தி வைப்பது அதன் நோக்கமாக இருந்தது. மாடு வளர்ப்பவர் இந்த வரிசையில் கடைசியில்தான் நிற்கிறார்.

எனவே நடைமுறை வழிகள் இவை. ஊர்ப் பால் உற்பத்தியாளர் சங்கமோ உழவர் உற்பத்தியாளர் குழுவோ முறையாக விண்ணப்பித்து வாங்கிப் பகிர்ந்துகொள்ளலாம். உரிமம் பெற்ற விற்பனையாளர் தீவனப் பயன்பாட்டுக்கென்று விற்பதை இரசீதோடு வாங்கலாம். பாகு சேர்த்து உருட்டிய குச்சித் தீவனத்தையோ, ஆயத்தமான யூரியா மொலாசஸ் தாது உப்புக்கட்டியையோ வாங்கலாம். ஒன்றும் கிடைக்காதபோது உடைந்த, கருத்த, மனிதர் உண்ணும் தரத்தில் இல்லாத வெல்லத்தைக் கரைத்துப் பயன்படுத்தலாம். வெல்லத்தில் சர்க்கரையின் செறிவு கூடுதல் என்பதால், ஒரு கிலோ பாகு என்று கீழே சொல்லும் இடங்களில் 550 முதல் 600 கிராம் வெல்லம் போதும். பூசணம் பிடித்த வெல்லத்தை மலிவு என்று வாங்க வேண்டாம்.

சரக்கைப் பார்க்கும்போது, குச்சியால் எடுத்து வடியவிட்டால் கம்பிபோல் இழுபட்டு மெதுவாக இறங்க வேண்டும். தண்ணீர்போல் ஓடினால் நீர் கலந்திருக்கிறது. புளித்த வாடையும் மேலே நுரையும் இருந்தால் நொதிக்கத் தொடங்கிவிட்டது. சர்க்கரைக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு பகுதி காற்றாகப் போய்விட்டது என்று பொருள்.

மூன்றாம் படி: வைத்துக்காத்தல்

ஒரு லிட்டர் கழிவுப்பாகின் எடை ஏறத்தாழ 1.4 கிலோ. 200 லிட்டர் பீப்பாய் ஒன்றில் 280 கிலோ அடங்கும் என்பதை மறந்து, அதை நகர்த்தப் போய் முதுகைப் பிடித்துக்கொண்டவர்கள் உண்டு. அளக்கும்போதும் இது முக்கியம். அரை லிட்டர் குவளையில் மொண்டால் அது அரைக் கிலோ அன்று, 700 கிராம்.

உணவுத் தரப் பிளாஸ்டிக் பீப்பாயில், மேலே ஒரு சாண் இடம் விட்டு நிரப்பி, நிழலில் வைக்க வேண்டும். மூடியை இறுக்கித் திருகிவிடக் கூடாது. நொதித்தால் உண்டாகும் வாயு வெளியேற வழி வேண்டும். கூரை ஒழுகி மழைநீர் சொட்டினால், மேல்பரப்பில் நீர்த்த அடுக்கு உருவாகி அங்கிருந்துதான் கெடத் தொடங்கும். மார்கழிக் குளிரில் இறுகிப்போனால், நேரடியாக அடுப்பில் ஏற்றாமல், தேவையான அளவை மட்டும் வாளியில் எடுத்து வெதுவெதுப்பான நீரில் கரையுங்கள். மிகுந்த சூட்டில் சர்க்கரை சிதைந்து கசந்துவிடும். சங்கங்களில் தரைக்கடித் தொட்டி கட்டிச் சேமிப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: காலியான தொட்டியைக் கழுவ ஆள் இறங்கக் கூடாது. நொதித்த பாகிலிருந்து வெளிப்பட்ட கரியமிலவாயு அடியில் தேங்கி நிற்கும். இறங்கியவர் மயங்கி விழ, அவரைத் தூக்க இறங்குபவரும் விழுவது நடக்கக்கூடியது.

நான்காம் படி: அளவும் பழக்குதலும்

350 முதல் 450 கிலோ எடையுள்ள கலப்பினக் கறவை மாட்டுக்கு நாளொன்றுக்கு அரைக் கிலோ முதல் ஒரு கிலோ வரை என்பது பாதுகாப்பான, பயனுள்ள அளவு. நன்றாகத் தின்கிற, 15 லிட்டருக்கு மேல் கறக்கிற பெரிய மாட்டுக்கு ஒன்றரைக் கிலோ வரை போகலாம். மொத்த உலர்பொருளில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பதைப் பொது எல்லையாகக் கொள்ளுங்கள்.

முதல் மூன்று நாள் 200 கிராம். பிறகு மூன்று நாளுக்கு ஒருமுறை 150 கிராம் வீதம் கூட்டிச் சென்றால், ஒரு கிலோவை எட்ட இரண்டு வாரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஆகும். பெருவயிற்று நுண்ணுயிர்கள் புதிய தீனிக்கேற்ப மாறுவதற்கு அந்தக் காலம் வேண்டும். ஒரு நாளைக்குரிய அளவைக் காலை, மாலை என்று குறைந்தது இரண்டாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். ஒரு நாள் விட்டுப்போனால், அடுத்த நாள் இரட்டிப்பாகக் கொடுத்து ஈடுகட்ட வேண்டாம்.

ஐந்தாம் படி: கொடுக்கும் முறைகள்

அடர்தீவனத்தோடு கலப்பது எல்லாவற்றிலும் எளிது. வீட்டிலேயே கலவை தயாரிப்பவர்கள் 100 கிலோவுக்கு மக்காச்சோளம் அல்லது கம்பு 30 கிலோ, புண்ணாக்கு வகைகள் 30 கிலோ, தவிடு 29 கிலோ, கழிவுப்பாகு 8 கிலோ, தாது உப்புக் கலவை 2 கிலோ, சாதாரண உப்பு 1 கிலோ என்ற விகிதத்தைப் பின்பற்றலாம். பாகைக் கடைசியில், தவிட்டோடு பிசிறிய பிறகு மற்றவற்றில் சேர்த்தால் கட்டி பிடிக்காது. தவிட்டுத் தூசி பறப்பதும் இதனால் நிற்கும். 10 விழுக்காட்டுக்கு மேல் சேர்த்தால் கலவை ஒட்டிக்கொள்ளும், சீக்கிரம் பூசணமும் பிடிக்கும். அதனால் ஒரு வாரத் தேவைக்கு மேல் கலந்து வைக்க வேண்டாம்.

உலர்தீவனத்தின் மீது தெளிப்பதே என் கணிப்பில் இதன் முதன்மையான பயன். தட்டை இயந்திரத்தில் ஓரங்குல அளவுக்கு நறுக்கிக்கொள்ளுங்கள். ஒரு பங்கு பாகை மூன்று அல்லது நான்கு பங்கு நீரில் கரைத்து, பூவாளியால் தெளித்தபடியே முள்கரண்டியால் புரட்டுங்கள். 10 கிலோ தட்டுக்கு ஒரு கிலோ பாகு போதும். தெளித்ததை அன்றே தொட்டியில் இட்டுவிட வேண்டும். ஈரத்தோடு இரவு முழுவதும் குவித்து வைத்தால் மறுநாள் புளித்த வாடை வரும். நறுக்காத முழுத் தட்டின் மீது ஊற்றினால் மாடு இனிப்பை நக்கிவிட்டுத் தண்டை அப்படியே விட்டுவிடும்; அதுவும் அனுபவத்தில் கண்டதே.

யூரியாவும் சேர்த்து வைக்கோலைச் செறிவூட்ட விரும்புகிறவர்களுக்கான அளவு வருமாறு: 100 கிலோ வைக்கோலுக்கு யூரியா 2 கிலோ, கழிவுப்பாகு 10 கிலோ, தாது உப்புக் கலவை 1 கிலோ, உப்பு 1 கிலோ. முதலில் யூரியாவைத் தனியே நீரில் ஒரு குருணைகூட மிஞ்சாமல் கரைக்க வேண்டும். அதன் பிறகே பாகையும் உப்பையும் தாதுக் கலவையையும் அந்த நீரில் சேர்க்க வேண்டும். வைக்கோலை அடுக்கடுக்காகப் பரப்பி, ஒவ்வோர் அடுக்கிலும் சமமாகத் தெளித்துப் புரட்டி, நிழலில் உலர்த்தி எடுக்க வேண்டும். ஒரு மாடு நாளுக்கு 5 கிலோ தின்றால் அதன் வயிற்றில் சேருவது 100 கிராம் யூரியா. புரதக் கணக்கில் அது 280 கிராமுக்குச் சமம். இந்த வைக்கோலைத் தின்னும் மாட்டின் அடர்தீவனத்தில் யூரியா சேர்ந்திருக்கக் கூடாது. வாங்கிய தீவனமாக இருந்தால் மூட்டையில் எழுதியிருப்பதைப் படித்துப் பாருங்கள். வயலுக்கென்று மானியத்தில் விற்கும் வேப்ப எண்ணெய் பூசிய யூரியாவை வேறு பயனுக்குத் திருப்புவது சட்டப்படி தவறு என்பதால், தீவனத்துக்கெனத் தனியே விற்பதையே வாங்க வேண்டும்.

யூரியா மொலாசஸ் தாது உப்புக்கட்டி, 1980-களில் குஜராத்தின் ஆனந்த் நகரிலுள்ள தேசியப் பால்வள மேம்பாட்டு வாரியம் ஆஸ்திரேலிய அறிவியலாளர் ஆர். ஏ. லெங்குடன் சேர்ந்து இந்தியாவில் பரப்பிய உத்தி. அதன் நுட்பம் கடினத்தன்மையில் இருக்கிறது: மாடு கடித்துத் தின்ன முடியாது, நக்கத்தான் முடியும், அதனால் யூரியா சிறிது சிறிதாகவே உள்ளே போகிறது. வெப்பமில்லா முறையில் சங்க அளவில் செய்வதற்குப் பல நாடுகளில் கையாளப்பட்ட ஒரு விகிதம் கழிவுப்பாகு 50, யூரியா 10, உப்பு 5, சுட்ட சுண்ணாம்பு 10, தவிடு 25 பங்கு. இந்த வரிசையிலேயே ஒவ்வொன்றாகச் சேர்த்துக் கிளறி, மர அச்சில் அழுத்தி, நிழலில் காயவிட வேண்டும். கட்டைவிரலால் அழுத்தினால் குழி விழும் கட்டியை மாட்டின் முன் வைக்காதீர்கள். உலர்தீவனம் வயிறு நிறையக் கிடைக்கும் மாட்டுக்கு மட்டுமே இது. பசித்த மாடு கட்டியை உடைத்துத் தின்ன முயலும். மழை நனையும் இடத்தில் வைத்தால் கட்டி கரைந்து, அடியில் தேங்கும் நீர் நஞ்சாகும்.

ஊறுகாய்ப்புல் எனப்படும் சைலேஜ் தயாரிப்பில் பாகுக்கு இன்னொரு வேலை உண்டு. மக்காச்சோளப் பயிரிலும் இனிப்புச் சோளத்தட்டிலும் தேவையான சர்க்கரை இயல்பாகவே இருப்பதால், அவற்றுக்குப் பாகு சேர்ப்பது பணவிரயம். கம்பு நேப்பியர் ஒட்டுப்புல்லுக்குத்தான் அது வேண்டும். 100 கிலோ நறுக்கிய புல்லுக்கு 2 முதல் 3 கிலோ பாகைச் சம அளவு நீரில் கரைத்து அடுக்குகளில் தெளித்து, காற்றுப் புகாமல் மிதித்து மூடினால் போதும். வேலிமசால் போன்ற பயறுவகைத் தீவனம் கலந்தால் அளவைச் சற்றுக் கூட்ட வேண்டும்.

தண்ணீர்த் தொட்டியைப் பற்றி

நம் ஊரில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போது தவிடும் புண்ணாக்கும் கரைத்து ஊற்றுவது பழைய வழக்கம். அந்தப் பழக்கத்தில் பாகையும் அதே தொட்டியில் ஊற்றிவிடக் கைபோகும். எங்கள் கொட்டகையில் ஒருமுறை நானே அவசரத்தில் அப்படிச் செய்ய, முதலில் வந்த ஒரு கிடாரி மூன்று மாடுகளுக்குரியதைத் தனியே குடித்துவிட்டு இரண்டு நாள் கழிச்சலில் கிடந்தது. பாகு மட்டும் என்றால் இந்த அளவோடு போகும். யூரியா கரைந்த நீரை மாடு குடித்தால் உயிருக்கே ஆபத்து. எனவே யூரியா கரைத்த வாளி, தெளிப்பான், கழுவிய நீர் ஆகிய எதையும் மாடு எட்டும் இடத்தில் விட்டுவைக்கக் கூடாது. கன்றுகள் அவிழ்ந்து திரியும் நேரத்தில் இந்த வேலையைத் தொடங்கவே கூடாது.

யூரியா நஞ்சின் அறிகுறிகள் அரைமணி முதல் ஒரு மணி நேரத்துக்குள்ளாகவே தெரியும். மாடு நிலைகொள்ளாமல் தவிக்கும், வாயில் நுரை தள்ளும், தசை நடுங்கும், வயிறு உப்பும், மூச்சு இரைக்கும், பிறகு விழும். மருத்துவரை அழைத்தபடியே, பெரிய மாட்டுக்கு 4 லிட்டர் அளவு வினிகரையும் 20 லிட்டருக்கு மேல் குளிர்ந்த நீரையும் வயிற்றுக்குள் செலுத்துவது நச்சான அமோனியா உருவாவதைக் குறைக்கும். இதை மருத்துவர் குழாய் வழியாகச் செய்வதே நல்லது; நிற்க முடியாத மாட்டின் வாயில் வலுக்கட்டாயமாக ஊற்றினால் நுரையீரலுக்குள் போய்விடும். யூரியா முறையைக் கையாளும் பண்ணையில் வினிகர் பாட்டில்கள் எப்போதும் இருக்க வேண்டும். இரவில் தேடி அலைய நேரமிருக்காது.

கொடுக்கக் கூடாத மாடுகள்

பெருவயிறு முழுமையாக வளராத, ஆறு மாதத்துக்குட்பட்ட கன்றுகளுக்கு யூரியா சேர்ந்த எதையும் கொடுக்கக் கூடாது. பால்குடிக் கன்றுக்குப் பாகும் வேண்டாம், கழிச்சல் வரும். ஈனுவதற்கு முந்தைய மூன்று வாரங்களில் சினை மாட்டுக்குப் பாகை நிறுத்திவிட வேண்டும் என்பது என் வலுவான பரிந்துரை. அந்த நாள்களில் பொட்டாசியம் மிகுந்த தீனி, எலும்பிலிருந்து சுண்ணாம்புச் சத்தை எடுக்கும் மாட்டின் திறனைக் குறைத்து, ஈன்றவுடன் வரும் பால் காய்ச்சலுக்கு வழி செய்கிறது. தானியத்தையோ கல்யாணப் பந்திச் சோற்றையோ அளவுக்கு மீறித் தின்று அமிலநோய் கண்டு தேறிவரும் மாட்டுக்கும், வயிறு சீராகும்வரை இனிப்பு காட்டக் கூடாது.

அளவு மீறினால் என்ன ஆகும் என்பதற்குக் கியூபாவின் அனுபவம் பாடமாக இருக்கிறது. 1960-களின் பிற்பகுதியில், தானியம் இறக்குமதி செய்ய இயலாத அந்தத் தீவில், கால்நடைத் தீவன ஆய்வாளர் டி. ஆர். பிரெஸ்டனும் அவருடைய குழுவினரும் யூரியா கலந்த கழிவுப்பாகையே முதன்மைத் தீனியாக வைத்து இறைச்சிக்காளைகளை வளர்த்துக் காட்டினார்கள். புல் போதாமல் போன இடங்களில் காளைகள் தள்ளாடின, பார்வையிழந்தன, தலையைச் சுவரில் முட்டிக்கொண்டு நின்றன. அங்குள்ளவர்கள் அதற்குக் குடிமயக்கம் என்று பொருள்படும் 'போராச்சேரா' என்ற பெயரை இட்டார்கள். மூளைக்குப் போதிய ஆற்றல் கிடைக்காமல் அதன் திசுக்கள் அழியும் நிலை அது. உயிர்ச்சத்து பி1 குறைவும், கந்தக மிகுதியும் இத்தகைய மூளைப் பாதிப்போடு தொடர்புடையவை. நாளுக்கு ஒரு கிலோ கொடுக்கும் பண்ணையில் இது வராது. ஆனால் பஞ்ச காலத்தில் தட்டும் தீர்ந்துபோய், பாகு மட்டும் பீப்பாயில் இருக்கிறதே என்று அளவைக் கூட்டும் எண்ணம் வரும்போது நினைவில் கொள்ள வேண்டியது இந்தக் காட்சியைத்தான். நார் குறையும்போது பாகும் குறைய வேண்டும்.

ஆறாம் படி: கவனித்தலும் நிறுத்துதலும்

முதல் இரண்டு வாரம் நாள்தோறும் சாணத்தைப் பாருங்கள். சற்று இளகிக் கருத்து வருவது இயல்பு. பாகிலுள்ள உப்புகளால் மாடு கூடுதலாக நீர் குடிக்கும், சிறுநீரும் கூடும். சாணம் தண்ணீராகி, குமிழி விட்டு, புளித்த வாடை அடித்தால் அளவைப் பாதியாக்கி நான்கு நாள் பொறுக்க வேண்டும். தின்று முடித்து ஓய்வாகப் படுத்திருக்கும் மாடுகளில் பாதிக்கு மேல் அசை போட்டுக்கொண்டிருக்க வேண்டும். அசை குறைவது, பால் அளவு குறைவதற்கு முன்பே தெரியும் அறிகுறி. சங்கத்தில் தரும் கொழுப்பு அளவுச் சீட்டையும் எறிந்துவிடாமல் வைத்திருங்கள். பாகு தொடங்கியபின் கொழுப்பு தொடர்ந்து இறங்கினால், நார் போதவில்லை அல்லது அளவு மிகுந்துவிட்டது என்று கொள்ளலாம்.

தொட்டியின் விளிம்பிலும் மூலைகளிலும் ஒட்டியிருக்கும் பாகை நாள்தோறும் கழுவிவிட வேண்டும். இல்லையேல் ஈயும் எறும்பும் மொய்த்து, மாடு நிம்மதியாகத் தலையை உள்ளே விடாது. மடிக்குக் கீழே படுக்கும் இடத்தில் சிந்தவிடாமல் பார்ப்பதும் அதே அளவுக்கு முக்கியம்.

ஐப்பசி மழை பிடித்து, வரப்பில் புல்லும் நிலத்தில் தீவனச்சோளமும் தழைத்தவுடன் தொட்டியில் மிச்சம் விழுவது நின்றுவிடும். அப்போது ஒரே நாளில் நிறுத்தாமல், வாரத்துக்குக் கால்பங்கு வீதம் குறைத்து, ஒரு மாதத்தில் பாகை விலக்கிக்கொள்ளலாம். பீப்பாயில் மிஞ்சியதை நீர்படாமல் மூடி வைத்தால் அடுத்த கோடைக்கு உதவும். அல்லது அந்தப் பருவத்திலேயே உபரிப் புல்லை நறுக்கி ஊறுகாய்ப்புல் போடுவதற்குச் செலவிட்டுவிடலாம்.